உன் கைக்கும் பக்குவம் வரும்

உனக்குப் பதினைந்து வயது. சைன் தீட்டா, காஸ் தீட்டா தெரியும். ஐபிஎல்லில் யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்பது மனப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வர சாயங்காலம் ஆகும். மத்தியானம் பசிக்கிறது. சமையலறையில் அரிசி இருக்கிறது, துவரம்பருப்பு இருக்கிறது, தக்காளி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. நீ என்ன செய்கிறாய்? பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறாய். அதுவும் காலி என்றால் கைப்பேசியை எடுத்து, "எப்ப வருவீங்க?" என்று கேட்கிறாய்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே பசியோடு உட்கார்ந்திருக்கிறாயே, உனக்குக் கோபம் வரவில்லையா? வர வேண்டும்! அந்தக் கோபத்தோடு எழுந்து அடுப்பங்கரைக்குள் போ. உரக்கச் சொல்கிறேன், கேட்டுக்கொள்: உன் வயிற்றுக்கு ஒரு வேளைச் சோறு பொங்கத் தெரியாதவரை, நீ எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கும் ஆள்தான். பொங்கத் தெரிந்துவிட்ட நாளிலிருந்து உன் நடை மாறும், பேச்சு மாறும், பயம் விலகும். எனக்கு அப்படித்தான் விலகியது.

1996ஆம் ஆண்டு. விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூர். எனக்குப் பதினைந்து, தங்கைக்கு ஒன்பது. அப்பா பேருந்து நடத்துநர். விடிவதற்கு முன் கிளம்பினால் இரவுதான் வருவார், சில நாள் மறுநாள்தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் வாரம் பெரியம்மா வந்து பார்த்துக்கொண்டார். அவருக்கும் காடு கரை, ஆடு மாடு. எட்டாம் நாள் காலை அவர் பஸ் ஏறியதும் வீடு அமைதியானது. அடுப்பு அணைந்து கிடந்தது. தங்கை தட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் எனக்கு முதல் வாத்தியார்.

அம்மாவின் கட்டில் முன்னறையில் கிடந்தது. அங்கிருந்து சமையலறை தெரியாது. நடுவில் ஒரு சுவர். புழுங்கலரிசி ஒரு டம்ளர் எடுத்துக் களைந்து குக்கரில் போட்டேன். தண்ணீர் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. அரிசி மூழ்கும் அளவுக்கு ஊற்றினேன். அடி பிடித்துக் கருகி, மேலே விதை விதையாகச் சோறு. தங்கை இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போனாள். மறுநாள் பயந்து நாலரை டம்ளர் தண்ணீர் ஊற்றினேன், கஞ்சி. இரவு வந்த அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தார். மூன்றாம் நாள் அம்மா கட்டிலில் இருந்தபடியே, "ஒண்ணுக்கு மூணு ஊத்துய்யா, அரை மணி ஊறட்டும்" என்றார். அன்று குக்கரைத் திறந்தபோது சோறு பருக்கை பருக்கையாக நின்றது. ஆவி முகத்தில் அடித்தது. பத்தாம் வகுப்பு முடியும் வரை எனக்கு எத்தனையோ பாராட்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்த ஆவிக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பிறகுதான் விஷயம் தொடங்கியது. அம்மா என் சமையலைக் கண்ணால் பார்க்கவே இல்லை. காதால் பார்த்தார்! சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "ஏய்யா, கடுகு வெடிச்சு அடங்கிருச்சு, இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கறிவேப்பிலையப் போடு." வெங்காயம் வதங்கும்போது முதலில் 'சொய்ங்' என்று சத்தம் போடும், அதில் உள்ள தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் தணியும். அந்தத் தணிவைக் கேட்டு, "கண்ணாடிப் பதம் வந்திருக்கும் பாரு, தக்காளியப் போட்ரு" என்பார். போய்ப் பார்த்தால் வெங்காயம் கண்ணாடியாக நிற்கும். குழம்பு தளதளவென்று கொதிக்கும் சத்தமும், வற்றி இறுகி 'கொப், கொப்' என்று விழும் சத்தமும் வேறு வேறு என்பதைப் படுக்கையில் இருந்தே எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் ரசம் வைத்தபோது ஒரு குரலும் வரவில்லை. என்னம்மா, ஒண்ணும் சொல்லலையே என்றேன். "ரசத்துக்குச் சத்தம் கெடயாதுய்யா, வாசந்தான். நொரை கட்டி மேல வரும், அப்ப எறக்கு. கொதிக்க விட்டுராத" என்றார்.

வலியோடு படுத்திருந்த அந்த மனுஷி, நான் அடுப்பைப் பற்ற வைத்ததிலிருந்து அணைக்கும் வரை கண்ணை மூடியதே இல்லை. மத்தியான மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும். அதையும் பிடிவாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு, காதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு கிடப்பார்.

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. "அவங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது." பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பாராட்டுக்குள் உனக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். கைப்பக்குவம் என்பது பிறவியிலேயே சிலர் விரலில் ஒட்டிக்கொண்டு வருவது, உனக்கு அது இல்லை, நீ முயன்றாலும் வராது என்று அதற்குப் பொருள். நம்பாதே! என் அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நாளுக்கு மூன்று வேளை என்று கணக்குப் போட்டுப் பார். இருபதாயிரம் தடவைக்கு மேல் அந்தக் கை அடுப்பில் நின்றிருக்கிறது. இருபதாயிரம் தடவை ஒரு வேலையைச் செய்த கையில் பக்குவம் வராமல் எங்கே போகும்? அவர் கேட்ட சத்தங்களும் எண்ணிக்கையில் வந்தவைதான். நான் முப்பது தடவையில் அதில் ஒரு சின்னப் பங்கைப் பெற்றேன். நீயும் பெறுவாய்.

கைப்பக்குவத்தை அளவாக மாற்ற முடியும், எழுதி வைக்க முடியும், ஊர் பேர் தெரியாத ஒருவருக்கும் கற்றுக்கொடுக்க முடியும் என்று நிரூபித்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அவர் சமையல் உறவினரிடையே பேர் பெற்றது. வெளியூரில் இருந்த பெண்கள் கடிதம் எழுதி அளவு கேட்பார்கள். அவரும் பதில் எழுதுவார். "இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே போட்டுவிடேன்" என்று தூண்டியவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. அதன் பிறகு எத்தனை தலைமுறை மணப்பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது! தலைப்பைக் கவனித்தாயா? 'சமையல் கலை' என்று வைக்கவில்லை. உன்னைப் பார்த்து விரல் நீட்டிச் சொல்கிறார்: சமைத்துப் பார்! படித்துப் பார் என்றுகூடச் சொல்லவில்லை. வாழ்க்கை கையை முறிக்கப் பார்த்த ஒரு பெண், அந்தக் கையையே எழுதுகோலாக்கிக்கொண்டார். தன்னம்பிக்கைக்கு இதைவிட ஒரு பாடம் வேண்டுமா உனக்கு?

முதல் நாள் தடுமாற்றத்துக்கு வெட்கப்படுகிறாயா? கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டில் ஒரு சின்னப் பெண் வருகிறாள். புதுக் குடித்தனம். தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். அந்தச் சேலையை மாற்றவும் நேரமில்லை. தாளிக்கிற புகை மை தீட்டிய கண்ணை நிறைக்கிறது. தானே கிளறிக் கிளறி ஒரு புளிக்குழம்பை ஆக்கி முடிக்கிறாள். சாப்பிட்டவன் நன்றாக இருக்கிறது என்று உண்கிறான். அவள் முகத்தில் லேசாக, மிக லேசாக ஒரு மகிழ்ச்சி. சங்கப் புலவர் ஒருவர் பாடுவதற்குத் தகுந்த பொருளாகத் தேர்ந்தெடுத்தது கை பழகாத ஒரு பெண்ணின் கறை படிந்த சேலையையும் புகை ஏறிய கண்ணையும். உன் சட்டையில் மஞ்சள் கறை பட்டால் தலைகுனியாதே. அது உழைத்த அடையாளம்.

அந்தக் கறைமேல் சோப்புப் போட்டுப் பார், செக்கச் சிவக்கும். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகும். குங்குமம் செய்வதற்கு மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பதும் இதனால்தான். வேதியியல் ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை உன் வீட்டு மஞ்சள் தினமும் செய்துகொண்டிருக்கிறது. புத்தகத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோகும் பாடமெல்லாம் அடுப்பங்கரையில் உயிரோடு நடமாடுகிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறாது. குக்கரில் மூடி, ஆவியை வெளியே விடாமல் அடைத்தால் அழுத்தம் ஏறி, சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் மணிக்கணக்கில் வேக வேண்டிய கொண்டைக்கடலை விசில் கணக்கில் வேகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் அதுதான். இயற்பியல் வாத்தியார் பலகையில் எழுதும்போது கொட்டாவி விட்டவன், குக்கர் வெயிட் ஆடும்போது விழித்துக்கொள்வான்.

தோசை மாவை எடுத்துக்கொள். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். இரவு அரைத்துக் கரைத்து வைத்தால் எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பொங்கி நிற்கிறது. யார் பொங்க வைத்தது? லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா இனமும் அதன் கூட்டாளிகளும். யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்தவை. அவை மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுடு கல்லில் ஊற்றியதும் ஓரம் பொன்னிறமாக முறுகி மணக்கிறதே, அதற்குப் பின்னால் உள்ள வேதிவினையை 1912இல் விளக்கி எழுதியவர் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அந்த வினை இன்றும் அவர் பேரால்தான் வழங்குகிறது. அவருக்குப் பேர் கிடைத்தது. அந்த முறுகலைக் கண்ணால் பார்த்தே சரியாகத் திருப்பிப் போட்ட நம் பாட்டிகளின் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நீயாவது அவர்கள் அறிவை அறிவு என்று மதி.

இப்போது எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

"ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படியில என்ன வேலை?" எனக்கும் சொன்னார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. தம்பி, கேள். கல்யாணப் பந்தியில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும் கை யாருடையது? புரோட்டாக் கல்லில் மாவை வீசி விசிறுகிற மாஸ்டர் யார்? கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் கிண்டுகிறவர் யார்? பெரும்பாலும் ஆண்கள். கூலி கிடைக்கும் இடத்தில் சமையல் ஆண்பிள்ளை வேலை. கூலி கிடைக்காத வீட்டில் மட்டும் அது பெண்பிள்ளை வேலையாகிவிடுகிறதா? ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடன் பாணர்களுக்கு இட்ட விருந்தைச் சொல்லும்போது, அது வீமன் செய்த சமையல் நூலின் முறை வழுவாமல் ஆக்கிய உணவு என்கிறது சிறுபாணாற்றுப்படை. கதாயுதம் ஏந்திய கைதான் கரண்டியும் பிடித்தது. நளனும் அப்படியே. ஆண்மைக்குக் குறைவு என்று உனக்குச் சொன்னவர்களிடம் இந்த இரண்டு பேரையும் காட்டு.

கணக்கையும் காட்டு. 2019இல் இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் கழித்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் வேலையில் இறங்கிய ஆண்களின் சராசரிதான். இறங்கியவர்களே நூற்றுக்கு 26 பேர். பெண்களிலோ 81 பேர். உன் அம்மாவின் ஐந்து மணி நேரம் அங்கே எரிகிறது, தினமும், விடுமுறை இல்லாமல். நீ அதில் அரை மணி நேரத்தை வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடுவாய்?

தங்கையே, உன்னிடம் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். "போற இடத்துல என்ன சொல்லுவாங்க? சமைக்கக் கத்துக்க." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பெண்களைச் சமையலையே வெறுக்க வைத்திருக்கிறது! உன் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் மேல் உள்ள கோபத்தில் உன் கையின் பலத்தை இழந்துவிடாதே. எவர் வீட்டுக்கோ போய்த் தேர்வு எழுதுவதற்காக நீ கற்க வேண்டாம். நாளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்து ஒற்றை அறையில் தனியாக இருக்கப் போகிறாயே, அந்த அறைக்காகக் கற்றுக்கொள். யாரையும் கேட்காமல், யார் தயவும் இல்லாமல், இரவு எட்டு மணிக்குச் சூடாக ஒரு தட்டுச் சோறு உன் முன்னால் இருக்கும். அந்த விடுதலையின் ருசி உனக்கே தெரியும்போது, "என்ன சொல்லுவாங்க" என்ற கேள்விக்கு உன்னிடம் மதிப்பிருக்காது.

நெருப்புக்குப் பயமா? பயம் நல்லது, ஒதுங்குவதற்கு அது சாக்கு ஆகக் கூடாது. நெருப்பின் குணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் கவனமாக மாறும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, ஒருபோதும் ஊற்றாதே. தண்ணீர் அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை மேலே வாரி அடிக்கும். அடுப்பை அணை, தட்டு போட்டு மூடு, காற்று இல்லாமல் தானே அடங்கும். சமையல் வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதே, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசு. குக்கரில் ஆவி முழுவதும் அடங்கும் முன் மூடியோடு மல்லுக்கட்டாதே. மூடும் முன் ஆவி போகிற துளை அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஈரக் கையோடு எண்ணெய்ச் சட்டி பக்கம் போகாதே. சுட்டுவிட்டால் பற்பசை, பேனா மை, மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டு, கொப்புளத்தை உடைக்காதே, பெரிய காயமென்றால் உடனே ஆஸ்பத்திரி. இவ்வளவுதான். ஒரு சைக்கிள் ஓட்டக் கற்றபோது நீ எடுத்துக்கொண்ட ஆபத்தைவிட இது பெரிதில்லை. முதல் இரண்டு வாரம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "போய்ப் படி, இங்க உனக்கு என்ன வேலை" என்று பிள்ளையைச் சமையலறையிலிருந்து துரத்தாதீர்கள். நீட் தேர்வும் பிளஸ் டூவும் அரை மணி நேரத்தில் கவிழ்ந்துவிடாது. கல்லூரி விடுதியை விட்டு வெளியே வந்து அறை எடுத்த முதல் மாதத்தில் கடைச் சாப்பாட்டில் வயிறு கெட்டு, காசும் கரைந்து நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கொட்டினால் திட்டாதீர்கள். உப்புக் கூடிய சாம்பாரை ஒரு வேளை பொறுத்துச் சாப்பிடுங்கள். என் அப்பா மோர் ஊற்றிக் குடித்தாரே, அவர் அன்று முகம் சுளித்திருந்தால் நான் மூன்றாம் நாள் அடுப்புப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

சரி, எங்கே தொடங்குவது? கைப்பேசியில் நூறு சமையல் காணொளி பார்த்திருப்பாய். பார். ஆனால் பார்த்த கண்ணுக்குப் பசிதான் கூடும். கருக்கிய கைக்குத்தான் பாடம் ஏறும். எடுத்த எடுப்பில் பிரியாணி வேண்டாம். ஒரே ஒரு பொருளைப் பிடி. அதைப் பத்து நாள் வை. ரசத்தைப் பிடி என்பேன். நாலு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு தக்காளி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு. மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடி, மையாக அரைக்காதே. தக்காளியைப் புளித்தண்ணீரில் கையால் பிசை. மஞ்சள்தூள், உப்பு போட்டுப் புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடு. பிறகு இடித்ததைப் போட்டு, தேவையான தண்ணீர் விட்டு, நுரை கட்டி மேலே வரும்போது இறக்கு. கடுகும் வற்றல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போடு, மூடி வை.

ஒரு நோட்டுப் போட்டுக்கொள். தேதி, அளவு, என்ன ஆயிற்று, நாளைக்கு எதை மாற்ற வேண்டும். முதல் நாள் புளி தூக்கும். இரண்டாம் நாள் உப்பு கூடும். உப்புக் கூடினால் உருளைக்கிழங்கைப் போடு என்பார்கள். உருளைக்கிழங்கு உப்பைத் தனியாகப் பிரித்து உறிஞ்சுவதில்லை, உப்புத் தண்ணீரைத்தான் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். தண்ணீரோ பருப்புத் தண்ணீரோ விட்டுப் பெருக்குவதுதான் வழி. இதையும் நோட்டில் எழுது. ஆறாம் நாள் யாரோ ஒருவர் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார். பத்தாம் நாள் அளவுக்கரண்டி உனக்குத் தேவைப்படாது, மூக்கு சொல்லிவிடும். சோறு வெந்த நிலைக்கும் பக்குவம் என்கிறோம், மனிதர் முதிர்ந்த நிலைக்கும் பக்குவம் என்கிறோம். இரண்டும் ஒரே அடுப்பில் ஏறுவதை நீ அந்தப் பத்து நாளில் பார்ப்பாய்.

தோற்றது மத்தியானமே தெரிந்துவிடும், திருத்துவதற்கு நாளைக் காலையே வாய்ப்பு வரும்; இப்படி ஒரு பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது? வருஷத் தேர்வில் தவறினால் ஒரு வருஷம் போகும். ரசத்தில் தவறினால் ஒரு வேளை. துணிந்து தவறு!

என் ஆறு வாரக் கதையில் ஒரு நாளை மட்டும் இன்னும் சொல்லவில்லை. முப்பத்து மூன்றாம் நாள். சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டேன், வெடித்தது, அடங்கியது. வழக்கம்போல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெந்தயம் போட்டேன், சிவந்து மணந்தது. கறிவேப்பிலை போட்டேன். வெங்காயமும் பூண்டும் வதங்கிச் சத்தம் தணிந்தது. புளியைக் கரைத்து ஊற்றினேன். அப்போதும் குரல் இல்லை.

நெஞ்சு திக்கென்றது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்கு ஓடினேன். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்த் தீயைச் சிம்மில் வைத்தேன். குழம்பு வற்ற இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.